‘போறேன்’ என்று வந்த செய்தி

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் என் ஒரு கையில் மோர்மிளகாய், இன்னொரு கையில் கைப்பேசி. மிளகாயைக் கடித்துக்கொண்டே எங்கள் அலுவலகக் குழுவின் அரட்டைப் பெட்டியைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். “போறேன் அண்ணாச்சி” என்று ஒரு செய்தி கிடந்தது. பழக்கதோஷத்தில் அதன்மேல் ஒரு கட்டைவிரல் குறியைப் பதித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். இன்னும் கொஞ்சம் மோர்ச்சோறு உள்ளே போன பிறகுதான் அந்தச் சொல் தொண்டையில் வந்து நின்றது.

வீட்டைவிட்டுக் கிளம்புகிறவன் “வாறேன்” என்பான். எங்கள் ஊரில் சாவு வீட்டில் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் இறங்கி நடப்பார்கள். “போறேன்” என்று யாரும் சொல்வதில்லை; சொன்னால் பெரியவர்கள் நிறுத்தி வைத்துத் திருத்துவார்கள். இலக்கணக்காரர்கள் இதற்கு மங்கலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது அதுதான். ஆபத்து சமயத்தில் மற்றவர்களுக்குக் கடவுள் நினைவு வரும், எனக்கு இலக்கணம் வரும்.

எங்கள் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிறுவனம் சென்னையில் இருக்கிறது. கொரோனா காலத்தில் எங்களை வீட்டுக்கு அனுப்பியவர்கள், அப்புறம் கட்டடத்தில் பாதி மாடிகளைக் காலி செய்துவிட்டார்கள். ஆகவே திரும்பிப் போனாலும் உட்கார நாற்காலி கிடையாது. ஊரோடு தங்கிவிட்ட தெற்கத்திக்காரர்களை ஒரே குழுவாகக் கட்டி, வயதில் மூத்தவன் என்ற ஒரே தகுதிக்காக என்னை அதற்குத் தலைவனாக்கினார்கள். நாள் முழுக்க ஆங்கிலத்தில் மாரடிப்போம். வேலை முடிந்து கணினியை மூடும்போது மட்டும் ஆளுக்கொரு “வாறேன்” போடுவோம். யார் தொடங்கியது என்று தெரியாது. அந்த ஒரு சொல்தான் எங்களுக்கு அலுவலக வாசல்.

செய்தி போட்டவன் எங்களில் கெட்டிக்காரன். முப்பதை ஒட்டிய வயது. கல்யாணம் ஆகவில்லை. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் எங்கேயோ அம்மாவோடு இருக்கிறான் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் நல்ல வாயாடி. கூட்டம் தொடங்கும்போது அவன் பக்கம் மயில் கத்தும், “புது ஆளு சேந்திருக்காவ அண்ணாச்சி, அறிமுகம் செஞ்சிரட்டா?” என்பான். பிறகு கேமராவை அணைத்தான், நெட் சரியில்லை என்றான். பிறகு மைக்கையும் மூடிக்கொண்டான், மயில் சத்தம் நின்றுபோனது. கடைசியில் அவனிடமிருந்து வந்ததெல்லாம் “ஆமா”, “முடிச்சாச்சு” இரண்டும்தான். வேலை மட்டும் முன்னைவிடச் சுத்தமாக, கேட்டதற்கு முன்னாலேயே வந்தது. ஒரு தலைவனுக்கு வேறென்ன வேண்டும்? மற்றவர்களிடம் அவனை உதாரணம் காட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மனநலத்தை நிறுவனம் விசாரிக்காமல் இல்லை. வாராவாரம் மனிதவளத் துறையிலிருந்து ஒரு கேள்வி வரும்: இந்த வாரம் எப்படி உணர்கிறீர்கள்? கீழே அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை வரிசையாக இருக்கும். நான் எப்போதும் முழுச் சிரிப்புக்கு முந்தின முகத்தை அழுத்துவேன். முழுச் சிரிப்பை அழுத்தினால், இவனுக்கு வேலை போதவில்லை என்று நினைத்துவிடுவார்கள். அழுகிற முகத்தை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாது. அழுத்தியவர்களை நான் பார்த்ததில்லை. அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் நிலைமையும் சொல்லும்படி இல்லை. இடுப்புக்கு மேல் இஸ்திரி போட்ட சட்டை, கீழே சாரம் என்கிற லுங்கி. என் மனைவி பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாயங்காலம் வந்ததும், இன்றைக்கு யாரிடமாவது பேசினீர்களா என்று கேட்பாள். நாள் பூராவும் பேசினேன் என்பேன். மனுஷங்க கிட்ட, என்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆராதனையின்போது பக்கத்தில் நிற்பவருக்குச் சமாதானம் சொல்லிக் கைகொடுப்போமே, சில வாரங்களில் நான் தொடுகிற ஒரே வெளியாள் கை அதுதான். சற்று அதிக நேரம் பிடித்துக்கொள்கிறேன் என்று ஒருவர் என் மனைவியிடம் குறைபட்டிருக்கிறார்.

ஆகவே அந்த மத்தியானம் கையைக் கழுவிக்கொண்டு நான் முதலில் செய்தது, பதித்த கட்டைவிரலை எடுப்பதா வேண்டாமா என்று யோசித்ததுதான். எடுத்தால், தலைவன் ஆதரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டான் என்று ஆகும். விட்டால், போ என்று வழியனுப்பியது போல் ஆகும். அழுகிற முகமாக மாற்றலாமா என்றுகூடப் பார்த்தேன். நன்றாகப் படித்த ஒரு மனிதன் சமையலறையில் நின்று செய்துகொண்டிருந்த வேலை இது.

பிறகு அவனுக்கு போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். மனிதவளத் துறையில் ஒரு பெண் மிக இனிமையாகப் பேசினாள். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய முகவரி, சென்னையில் அவன் எப்போதோ காலி செய்துவிட்டுப் போன அறையுடையது.

எங்கள் குழுவில் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வேலை பார்க்கிற பெண் ஒருத்தி உண்டு. தன் கல்யாணப் பத்திரிகையை எல்லோருக்கும் தபாலில் அனுப்பியவள். அவளிடம் முகவரி இருக்கும் என்று கேட்டேன்.

“ஒங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? நீங்கதான அவன்கூட டெய்லி பேசுதிய” என்றாள். பிறகு தேடிச் சொன்னாள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு போகிற ரோட்டில் ஒரு சின்ன ஊர், கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் வீடு.

இன்றைக்கு அவன் போட்ட செய்தியைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

“பாத்தேன். என்னடா இப்படிப் போட்டிருக்கான்னு ஒரு மாதிரி இருந்துச்சு. பொறவு பாத்தா நீங்க கட்டைவிரலு போட்டிருக்கிய. சரி, லீவு சொல்லியிருக்கான் போலன்னு விட்டுட்டேன்.”

என் விரல் அத்தனை பேரையும் சமாதானப்படுத்திவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

காரை எடுக்கப் போனேன். மாதக்கணக்கில் வெளியே போகாத காருக்கு பேட்டரி செத்துப்போயிருந்தது. ஆட்டோ பிடித்துப் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாபநாசம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மனைவிக்குச் செய்தி அனுப்பினேன். அவள் உடனே கூப்பிட்டு, போய்ச் சேருங்கள், அவனைப் பார்த்ததும் எனக்குச் சொல்லுங்கள் என்றாள். பார்த்ததும் என்று அவள் சொன்னது ஆறுதலாக இருந்தது. பார்த்தால் என்று சொல்லவில்லை.

மழை முடிந்திருந்த நேரம். சேரன்மகாதேவி தாண்டியதும் வாய்க்காலும் குளமும் நிரம்பி, எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீராகத் தெரிந்தது. மற்ற நாளில் பார்த்து ரசித்திருப்பேன். அன்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது காதில் வைத்திருந்த கருவியில் மணி அடித்தது. நிறுவனத்தின் மேலதிகாரிகள் கூட்டம் ஒன்று இருப்பதை மறந்துவிட்டிருந்தேன். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் ஈடுபாடு என்பதுதான் அன்றைய பொருள். நான் கதை கட்டவில்லை. ஒவ்வொரு தலைவரும் தன் குழு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி சொல்ல வேண்டும். என் முறை வந்தபோது பஸ் வீரவநல்லூரில் நின்றிருந்தது. என் குழுப் பையன்களில் ஒருவனைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன், இருக்கிறானா என்று தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். ஏன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. சொல்லிவிட்டால், நான் நினைப்பது உண்மையாகிவிடும் என்று பயந்தேனோ என்னவோ. நல்லது என்றார்கள். அடுத்தவர் பேசத் தொடங்கினார்.

பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கருவியைக் காதிலிருந்து எடுத்ததும் மெதுவாகக் கேட்டார்.

“எங்கவே துஷ்டி?”

துஷ்டி என்றால் எங்கள் பக்கம் சாவு. அப்படி ஒன்றும் இல்லை என்றேன்.

“மூஞ்சி அப்படி இருக்கு, அதான் கேட்டேன்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்லிடைக்குறிச்சியில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்து வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. அவன் அம்மா வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்லத் தொடங்கியதுமே எழுந்துவிட்டாள்.

“அந்தப் பேசுத ஐயாவா நீங்க? ஒங்க சத்தம் எனக்கு நல்லாத் தெரியுமே. காலையில இருந்து பேசிக்கிட்டே இருப்பியளே. எம் மவன் ஆமா ஆமான்னுக்கிட்டு இருப்பான்.”

என் தலைமைப் பண்பைப் பற்றி இதைவிடச் சுருக்கமான மதிப்பீட்டை எந்த அதிகாரியும் எழுதியதில்லை. அவன் எங்கே என்று, சும்மா இந்தப் பக்கம் வந்தவன் குரலில் கேட்டேன்.

“மத்தியானமே வெளிய போயிருக்கான். எத்தன நாளாச்சு அவன் படி எறங்கி! போன் உள்ள கெடந்து அடிச்சிக்கிட்டே இருக்கு, எடுத்துட்டுப் போகல. போறேன்னான். அப்படிச் சொல்லாதல, போயிட்டு வாறேன்னு சொல்லுன்னேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டான்.” அவள் முகத்தில் மகன் வெளியே போன சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. “காப்பி போடுதேன், இருங்க.”

எந்தப் பக்கம் போனான் என்று கேட்டேன். கால்வாய்க் கரையைக் காட்டினாள்.

வந்து குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணுக்குத் தெரியும் வரை நடந்தேன். பிறகு ஓடினேன். நான் கடைசியாக ஓடியது எப்போது என்று எனக்குத் தெரியாது. கால்வாய் நுரைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மதகுக்குப் பக்கத்தில் படித்துறை. மேல்படியில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. ஆள் இல்லை.

அங்கே நின்றுதான் ஒன்று உறைத்தது. அவன் என்ன செருப்புப் போடுவான் என்று எனக்குத் தெரியாது. உயரமா குட்டையா, தெரியாது. நடக்கிற விதம் தெரியாது. வருஷக்கணக்காகத் தினமும் பேசுகிற ஒருவனை மார்புக்கு மேலேதான் எனக்குப் பழக்கம். போலீஸ்காரர் வந்து அடையாளம் கேட்டால், முன்பெல்லாம் அவனுக்குப் பின்னால் ஒரு நீலச் சுவர் இருந்தது என்றுதான் சொல்ல முடியும்.

“எஞ் செருப்ப எதுக்குவே இப்படி மொறைக்கீரு?”

படித்துறைக்குக் கீழே, மதகுச் சுவர் மறைத்த இடத்தில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். அது பெண்கள் போடுகிற செருப்பு என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு பையனைத் தேடுகிறேன் என்றேன். ஈரக்கையால் தள்ளி இருந்த மருத மரத்தைக் காட்டினாள். அங்கன ஒருத்தன் ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறான், கூப்பிட்டாலும் பேசமாட்டேன் என்கிறான் என்றாள்.

மரத்தடியில் இருந்தவன் என்னைப் பார்த்து எழுந்தான். எழுந்துகொண்டே இருந்தான். என்னைவிட ஒரு தலை உயரம். கீழே குனிந்து பார்த்தான்.

“அண்ணாச்சியா?”

“ஆமால.”

“நீங்க இவ்வளவு குட்டையா?”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவிக்கு ‘பார்த்துவிட்டேன்’ என்று அனுப்ப மூன்று தடவை தப்பாக அடித்தேன். தலைவர்களுக்கென்று ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியிருந்தார்கள். மனம் தளர்ந்த ஊழியரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாகக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“ஏம்ல போறேன்னு போட்ட?”

“வேற என்ன போட?”

“வாறேன்னு போடணும். எல்லாவனும் அப்படித்தான போடுதான்.”

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினான். “எங்கயாவது போறவன்தான அண்ணாச்சி வாறேன்னு சொல்லணும். நான் எங்க போறேன்? கட்டில்ல இருந்து எந்திச்சா மேசை, மேசையில இருந்து எந்திச்சா கட்டிலு. டெய்லி வாறேன் வாறேன்னு போட்டுட்டு அங்கனயே கெடக்கேன். இன்னைக்கு அதை அடிக்கக் கை வரல.”

சிரித்துவிட்டு எழுந்து காப்பி குடிக்கப் போயிருக்கலாம். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து ஓடிவந்தேனே என்று என்னை நானே கிண்டல் செய்து ஒரு வருஷத்துக்குக் கதை சொல்லியிருக்கலாம். நான் அப்படிப்பட்டவன்தான். ஆனால் அவன் சிரிக்கவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கேமராவை அவன் ஏன் அணைத்தான் என்று தெரிந்தது.

கேட்டுவிட்டேன். “சாகணும்னு தோணுதால?”

துணி துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் சட்டென்று இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

“இன்னைக்கு அப்படி நெனச்சு வரல” என்றான். “தண்ணியப் பாப்போம்னுதான் வந்தேன். பாத்துக்கிட்டே இருந்தா என்ன தோணுமோன்னு பயமா இருந்துது. அதான் படித்துறையில ஒக்காராம இங்கன தள்ளி வந்துட்டேன்” என்றான்.

அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்சம் மண்ணை நான் பார்த்தேன். அதை அவனே தனக்காக விட்டு வைத்திருந்தான். என் பங்கு அதில் ஒன்றும் இல்லை.

யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

“சொன்னேன். வாராவாரம் அழுவுத மூஞ்சியத்தான் அழுத்துனேன். யோகாவுக்குக் கூப்பிட்டு மெயில் வந்துது.” என் பக்கம் திரும்பினான். “நீங்க போட்ட கட்டைவிரலையும் பாத்தேன் அண்ணாச்சி. அதுக்குப் பொறவுதான் போன வச்சிட்டு எறங்கி வந்தேன்.”

வேறொன்றையும் படித்துவிட்டுப் போட்டதில்லை, இதையும் அப்படித்தான் போட்டேன் என்றேன். அது சமாதானமா குற்றமா என்று எனக்கே தெரியவில்லை. அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். அவன் மறுக்கவில்லை, ஆனால் அம்பாசமுத்திரத்தில் வேண்டாம் என்றான். தெரிந்தவர்கள் பார்த்தால் அம்மா காதுக்குப் போகும், பிறகு பெண் பார்க்கிற பேச்சு முழுக்க அதுவாகிவிடும். பாளையங்கோட்டையில் உன்னை ஒருத்தருக்கும் தெரியாது, என்னையே ஒருத்தருக்கும் தெரியாது என்றேன். அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டான். திங்கட்கிழமை யோசிப்போம் என்றேன். சற்று முன்புதான் எல்லோரும் நன்றாக இருப்பதாகச் சொல்லியிருந்தேன்.

அவன் அம்மாவிடம் நான்தான் பொய் சொன்னேன். ஆபீஸ் வேலை, இரண்டு மூன்று நாள் என் வீட்டில் தங்கிச் செய்ய வேண்டியிருக்கும் என்றேன். அவள் பூரித்துப்போனாள். மகன் ஒருவழியாக ஆபீஸ் என்று ஒன்றுக்குக் கிளம்புகிறான் அல்லவா. புதுச் சட்டையை எடுத்து வைத்து, சோப்பு, எண்ணெய் எல்லாம் பையில் போட்டாள். வளர்ந்த ஆளுக்கு நெற்றியில் திருநீறு பூசினாள். அந்த அரைமணி நேரமும் நான் காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொல்கிற ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அன்று அவன் எங்கள் வீட்டில் கொஞ்சம் சாப்பிட்டான். என் மனைவி வகுப்பில் பின்பெஞ்சுப் பையன்களிடம் பேசுகிற மாதிரி, ஒன்றும் கேட்காமல் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். அவன் தூங்கினானா தெரியாது. நான் தூங்கவில்லை.

மறுநாள் காலை மனநல மருத்துவரின் வாசலில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். நாற்காலிகள் எல்லாம் நிறைந்திருந்தன. இத்தனை பேரா என்று எனக்குத் திகைப்பாக இருந்தது. அவனுக்கு அது கொஞ்சம் தைரியம் கொடுத்தது போலிருந்தது. பக்கத்தில் இருந்த குழந்தை ஒன்று அவன் நீளமான காலைத் தாண்டித் தாண்டி விளையாடியது. அவன் காலை மடக்கிக்கொள்ளவில்லை.

அவன் முறை வந்தது. கதவைத் திறந்து உள்ளே போனான். என்னைத் திரும்பிப் பார்த்தானா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, அந்த நேரம் என் கைப்பேசி அதிர்ந்து அதைப் பார்த்துவிட்டேன். அலுவலகம்தான். சனிக்கிழமை என்பதால் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஏதோ கேட்டிருந்தார்கள். அணைத்துப் பைக்குள் போட்டேன்.

அவனுக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் சீக்கிரம் வெளியே வந்துவிட்டார்கள். இவன் வரவில்லை. நேரமானால் நல்லதா கெட்டதா என்று யாரிடம் கேட்பது? அவன் பேசுகிறானா, வழக்கம்போல ஆமா ஆமா என்கிறானா? டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொன்னால் அவன் அம்மாவுக்கு என்ன சொல்வேன்? மாத்திரை கொடுத்து அனுப்பினால் அந்த வீட்டில், அந்தக் கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில், திரும்பவும் அவனை எப்படி விடுவேன்? கதவுக்குப் பக்கத்தில் காதை வைக்கலாமா என்றுகூட எழுந்து நின்றேன். எதிரே இருந்த அம்மாள் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

கதவு பாதி திறந்தது. நர்ஸ் தலையை நீட்டி, கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டாள்.

“இவங்க கூட வந்தவங்க யாரு?”

நான்தான் என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன்.